கழனிவாசல்

பங்க் வரிசையில்
நூற்றுப் பதினாலாவது வண்டி என்னுடையது.
வண்டிக்குப் பத்து லிட்டர் என்று
அட்டையில் எழுதிக்
காற்றடிக்கும் குழாயில் கட்டியிருந்தார்கள்.

ஒட்டன்சத்திரம்
நூற்று முப்பது கிலோமீட்டர்.
என் குட்டியானை போக எட்டு குடிக்கும்,
வர ஒன்பது.
தக்காளி ஏறிவிட்டால்
நத்தம் தாண்டும்வரை மூச்சு வாங்கும்.
பத்து லிட்டரில் போகலாம்.
வர முடியாது.

பன்னிரண்டு வருடமாக
நான் போடாத கணக்கு அது.
வேறு வேலை இல்லாததால்
இன்னும் கொஞ்சம் போட்டேன்:
முப்பது பெட்டி, பதினேழு லிட்டர்.
பெட்டிக்கு அரை லிட்டருக்கும் மேலே.
செகப்பாயி மெஸ்ஸில் ரசம் வாங்கிக் குடித்த எவருக்கும்
டீசல் வாடை அடித்ததில்லை.

முன்னால் நின்ற டிராக்டர்காரர்
பெயர்ப் பலகையை வெறித்துக்கொண்டிருந்தார்.
நானும் பார்த்தேன்.
கழனிவாசல்.
பில்லில் ஆயிரம் தடவை பார்த்த பெயர்.
கழனி எங்கே?
டயர் கடை, கல்யாண மண்டபம், செல்போன் டவர்.
வாசல் மட்டும் இருக்கிறது,
உள்ளே போக ஒன்றுமில்லை.

"பெட்டி வருமா, வராதா?"
போனில் செகப்பாயி.
வராது என்றேன்.
நாலு வசவு.
அப்புறம் அரிசி களைந்த கழனியில்
வெண்டைக்காய் மண்டி வைத்துவிட்டாள்.
வெண்டை மானகிரியிலிருந்து சைக்கிளில் வந்தது.
பலகையில் தக்காளி ரசத்தை அழிக்கவில்லை;
பக்கத்தில் 'வண்டி வந்தால்' என்று எழுதினாள்.

கழனி என்றால் வயல்.
கழனி என்றால் அரிசி கழுவிய தண்ணீர்.
விளைவதும் வேகவைப்பதும்
ஒரே சொல்லுக்குள்
இத்தனை பக்கத்தில் இருந்திருக்கின்றன.
நான்தான் நடுவில்
நூற்று முப்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

கோட்டையூரில்
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் ஒரு தெரு என்று
நீண்டு கிடக்கும் பூட்டிய வீடு.
சோலையப்பன் டல்லாஸில்.
பின்னாலிருக்கும் முப்பது சென்டைக் கேட்டு
வாட்ஸ்அப் அனுப்பினேன்.
'தாராளமாய்.
ஆத்தங்குடிக் கல்லில் சேறு படாமல்.'

செம்மண்ணில் கடப்பாரை
இறங்காமல் துள்ளித் திரும்பியது.
அடியில் சீமைக்கருவேலம்
இன்னொரு வீடு கட்டி வைத்திருந்தது.
ஒன்பது நாள் தோண்டினோம்,
நானும் செகப்பாயி மகனும்.
மெஸ் கழனியை டிரம்மில் ஊற்றித்
தள்ளுவண்டியில் கொண்டுபோனோம்.
இருநூறு தக்காளி நாற்று.

விடிந்தபோது நாற்பது.

வேலைக்காரன் வீதி முழுக்க
மயில்கள் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன.
காவல்காரர் பெயர் மயில்வாகனன்;
குன்றக்குடிக்கு வருடம் தவறாமல் காவடி.
"முருகன் வண்டியை நான் எப்படி விரட்ட?"
என்று கைகட்டி நின்றார்.
நல்ல வண்டிதான்.
டீசல் கேட்பதில்லை,
என் நாற்று போதும்.

எந்த முள்ளைத் தோண்டி எறிந்தோமோ
அதையே இழுத்து வந்து
சுற்றி அடைத்தோம்.
இரண்டாம் நடவு பிழைத்தது.
கீரை பிடித்துக்கொண்டது, கத்தரி பரவாயில்லை.
தக்காளி, மொத்தம் பதினோரு கிலோ.
அரைப் பெட்டிக்கும் குறைவு.
வடிவம் கோணல், தோல் தடிப்பு.
செகப்பாயி ஒன்றைக் கடித்துப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல்
உப்பு எடுக்க உள்ளே போனாள்.

தெரு முழுக்கப் பூட்டிய வீடுகள்.
நடந்துபோகும்போது
இப்போது கதவுகளை நான் பார்ப்பதில்லை,
பின்பக்கச் சுவரின் நீளத்தைப் பார்க்கிறேன்.
கண்மாயில் தண்ணீர் எத்தனை படி என்று
டீக்கடையில் விசாரிக்கிறேன்.
டீசல் விலை கேட்ட அதே குரலில்.

வெங்காயம் மட்டும் வசப்படவில்லை.
நட்டேன், அழுகியது.
அதற்காக வாரம் ஒருமுறை
இன்னும் வரிசையில் நிற்கிறேன்.
நேற்று நூற்று ஆறாவது வண்டி.
பலகைக்கு நேர் கீழே
இடம் கிடைத்தது.